பிரிந்த சபையும் ஸ்லாவியர் பெற்ற சுவிசேஷமும்



ஒன்றாயிருந்த திருச்சபை கிழக்கென்றும் மேற்கென்றும் பிரிந்த நாள் எது என்று கேட்டால், பெரும்பாலான வரலாற்று நூல்கள் 1054ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாளைச் சுட்டும். அது ஒரு சனிக்கிழமை. கான்ஸ்டான்டிநோபிள் நகரத்து ஹாகியா சோபியா பேராலயத்தில் ஆராதனைக்கான வேளையில், ரோமாபுரியின் தூதராக வந்திருந்த கர்தினால் ஹம்பர்ட் தம் தோழர்களுடன் உள்ளே நுழைந்து, பலிபீடத்தின்மேல் ஒரு சபைநீக்கப் பத்திரத்தை வைத்துவிட்டு, கால்களின் தூசியை உதறிவிட்டு வெளியேறினார். சில நாட்களுக்குள் அந்நகரத்தின் தலைமைப் பேராயரான பேட்ரியார்க் மிகாயேல் கெருலாரியோஸ் தம் சங்கத்தைக் கூட்டி, அப்பத்திரத்துக்கு உரியவர்களைச் சபைக்குப் புறம்பாக்கினார்.

இந்தக் காட்சியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஹம்பர்ட்டை அனுப்பிய போப்பு ஒன்பதாம் லியோ அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்திலேயே மரித்துப்போனார். அனுப்பியவரே இல்லாதபோது தூதரின் அதிகாரம் எம்மட்டும் செல்லும் என்பது கேள்விக்குரியது. மேலும், அப்பத்திரம் கிழக்கத்திய சபை முழுவதையும் விலக்கவில்லை. நகரத்தாரையும் பேரரசரையும் மெய்விசுவாசிகள் என்று அது புகழவே செய்கிறது. பெயர் சொல்லித் தண்டித்தவர்களில் முதன்மையானவர்கள் கெருலாரியோஸும், ஒக்ரிட் என்னும் ஊரின் பேராயர் லியோவும்தான். குற்றச்சாட்டுகளோ விநோதமான கலவை: கிரேக்கக் குருமார் மணம் செய்துகொள்கிறார்கள், லத்தீன் வழக்கப்படி தாடியை மழித்தவர்களோடு ஐக்கியம் கொள்ள மறுக்கிறார்கள், விசுவாசப்பிரமாணத்திலிருந்து ஒரு சொல்லை நீக்கிவிட்டார்கள். இந்தக் கடைசிக் குற்றச்சாட்டு உண்மைக்கு நேர்மாறானது. கிழக்கத்தியர் எதையும் நீக்கவில்லை; மேற்கத்தியர்தாம் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தனர்.

ஒக்ரிட் என்ற ஊரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய வட மாசிடோனியாவில் ஓர் ஏரிக்கரையில் அது இருக்கிறது. 1053ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பேராயர் லியோ, இத்தாலியின் திரானி நகரத்து ஆயருக்கு ஒரு கடிதம் எழுதினார். திருவிருந்தில் புளிப்பில்லாத அப்பத்தைப் பயன்படுத்துவது யூத வழக்கம் என்றும், லத்தீன் சபையார் அதைக் கைவிட வேண்டும் என்றும் அதில் கண்டித்திருந்தார். அடுத்த ஆண்டின் பெருஞ்சண்டை அந்தக் கடிதத்தில்தான் பற்றிக்கொண்டது. ஆனால் லியோ அமர்ந்திருந்த அந்த ஆசனத்துக்குச் சுமார் 170 ஆண்டுகளுக்கு முற்பட்ட வேறொரு கதை உண்டு. இன்று நாம் தியானிக்க இருப்பது அந்தக் கதையையே.

அதற்குமுன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆர்த்தடாக்ஸ் என்றவுடன் நம்மில் பலருக்குக் கேரளத்துச் சபைதான் நினைவுக்கு வரும். அது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. கிறிஸ்துவின் தெய்வத்தன்மையையும் மனுஷத்தன்மையையும் எவ்வாறு விளக்குவது என்பது குறித்து 451ஆம் ஆண்டில் கல்கேதோனில் கூடிய சங்கத்தின் தீர்மானத்தை எகிப்திலும் சிரியாவிலும் பலர் ஏற்கவில்லை. அர்மேனியச் சபையும் பின்னர் அதை மறுத்துவிட்டது. கேரளத்து ஆர்த்தடாக்ஸ் சபை அந்தச் சிரிய மரபோடு உறவுகொண்டது. ரஷ்யர், பல்கேரியர், செர்பியர் ஆகியோரின் ஆர்த்தடாக்ஸ் சபையோ கல்கேதோனை ஏற்ற கிரேக்கச் சபையின் வழிவந்தது. ஆகவே 1054 முதலாவது பிரிவு அல்ல. அதற்கு 600 ஆண்டுகளுக்கு முன்னரே சபை ஒருமுறை பிளந்திருந்தது.

ரோமாபுரியும் கான்ஸ்டான்டிநோபிளும் விலகிச் சென்றதற்கு உபதேசக் காரணங்கள் இருந்தன. பரிசுத்த ஆவியானவர் பிதாவினிடத்திலிருந்து புறப்படுகிறவர் என்று 381ஆம் ஆண்டின் சங்கத்தோடு இணைந்த விசுவாசப்பிரமாணம் அறிக்கையிடுகிறது. மேற்கில், முதலில் ஸ்பெயின் நாட்டிலும் பின்னர் பிராங்கியரிடையிலும், குமாரனிடத்திலிருந்தும் என்று பொருள்படும் பிலியோக்வே என்ற லத்தீன் சொல் அதில் சேர்க்கப்பட்டது. போப்பு மூன்றாம் லியோ அந்த உபதேசத்தை மறுக்கவில்லை. ஆனாலும் பிரமாணத்தின் வாசகத்தை மாற்றச் சம்மதிக்காமல், அச்சொல் இல்லாத பழைய வடிவத்தைக் கிரேக்கத்திலும் லத்தீனிலும் வெள்ளித் தகடுகளில் பொறித்து ரோமாபுரியில் வைத்தார். அதே ரோமாபுரியில் 1014இல் அச்சொல்லோடு பிரமாணம் பாடப்பட்டது. நம் சபைகளில் நிசேயா விசுவாசப்பிரமாணத்தைச் சொல்லும்போது குமாரனையும் சேர்த்து அறிக்கையிடுவது மேற்கின் வழியாக நமக்கு வந்த வழக்கமே. ரோமாபுரியின் ஆயருக்கு உரியது முதன்மையான கனமா, எல்லாச் சபைகள்மேலும் ஆளுகையா என்ற வழக்கும் இதனோடு சேர்ந்து வளர்ந்தது.

ஆயினும் உபதேசத்தைவிட ஆழமாய் வேலை செய்தது மொழி என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் கிழக்கின் மிகப் பெரிய கல்விமான் ஃபோத்தியஸ்; அவருக்கு லத்தீன் தெரியாது. பேரரசர் மூன்றாம் மிகாயேல் போப்பு முதலாம் நிக்கோலாவுக்கு எழுதிய கடிதத்தில் லத்தீனை நாகரிகமற்றோரின் மொழி என்று இகழ்ந்தார். லத்தீன் அறியாத நீர் உம்மை ரோமரின் பேரரசர் என்று அழைத்துக்கொள்வது நகைப்புக்குரியது என்ற கருத்தில் நிக்கோலா பதில் எழுதினார். ஒருவர் நூலை மற்றவர் வாசிக்க முடியாத நிலையில், ஒருவர் பற்றி மற்றவர் கேள்விப்பட்டதே உண்மையாயிற்று. ஃபோத்தியஸ் பேட்ரியார்க் ஆனது செல்லாது என்று 863இல் நிக்கோலா தீர்த்தார். 867இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் நிக்கோலாவையே கண்டித்து விலக்கியது. அச்செய்தி போய்ச் சேருமுன்னே அவர் மரித்தார்.

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் ஸ்லாவியரிடத்தில் சுவிசேஷம் சென்றது. இன்றைய செக், ஸ்லோவாக்கியப் பகுதிகளில் அரசாண்ட மொராவியக் கோமகன் ராஸ்திஸ்லாவ், 862ஆம் ஆண்டளவில் பேரரசர் மிகாயேலிடம் தூதனுப்பினார். தம் ஜனங்களுக்கு அவர்கள் மொழியிலேயே விசுவாசத்தை விளக்கத்தக்க போதகர் வேண்டும் என்பது விண்ணப்பம். அங்கே ஏற்கெனவே ஜெர்மானியக் குருமார் லத்தீனில் ஊழியம் செய்துவந்தனர். அவர்களோடு கூடவே பிராங்கிய அரசின் பிடியும் வந்துகொண்டிருந்தது. ராஸ்திஸ்லாவின் விண்ணப்பத்தில் பக்தியும் இருந்தது, அரசியலும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க நம்மால் இயலாது.

பேரரசர் தெரிந்தெடுத்தவர்கள் தெசலோனிக்கேயைச் சேர்ந்த இரு சகோதரர்கள். ஆம், பவுல் அப்போஸ்தலன் இரண்டு நிருபங்கள் எழுதிய அதே தெசலோனிக்கேதான். இளையவர் கான்ஸ்டன்டைன், ஃபோத்தியஸிடம் பயின்றவர், தத்துவ ஆசிரியர். பின்னாளில் சிரில் என்ற பெயர் பெற்றார். மூத்தவர் மெத்தோடியஸ், முன்பு ஒரு மாகாணத்தை நிர்வகித்து, பின்பு துறவியானவர். தெசலோனிக்கேயின் சுற்றுப்புறங்களில் ஸ்லாவியர் குடியிருந்தபடியால் இருவரும் சிறுவயது முதல் அம்மொழியைச் செவியால் அறிந்திருந்தனர்.

அம்மொழிக்கு எழுத்து இல்லை என்பது கான்ஸ்டன்டைனின் முதல் கவலை. எழுத்தில்லாமல் போதிப்பது நீரின்மேல் எழுதுவதற்கு ஒப்பாகும் என்று அவர் கருதியதாக அவருடைய பழைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. கிரேக்க எழுத்துகளை அப்படியே எடுத்தாளவும் இயலவில்லை. ஷ் போன்ற ஒலிகளுக்குக் கிரேக்கத்தில் குறியே இல்லை. ஆகவே அவர் புதியதோர் எழுத்துமுறையை உருவாக்கினார். கிளகோலித்திக் என்று அழைக்கப்படும் அதில் ஷ் ஒலிக்கான குறி எபிரெயத்தின் ஷீன் எழுத்தை நினைவூட்டும். முதன்முதலாக அவ்வெழுத்தில் எழுதப்பட்டது யோவான் சுவிசேஷத்தின் தொடக்கம் என்பர். இன்று ரஷ்யரும் பல்கேரியரும் எழுதும் சிரிலிக் எழுத்து சிரிலின் பெயரைத் தாங்கினாலும், அது அவர் வகுத்ததன்று. அவருடைய சீஷர்களின் தலைமுறையில் பல்கேரியாவில் உருவானது.

863இல் சகோதரர் மொராவியாவுக்குச் சென்று, ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் ஊழியம் செய்தனர். ஜனங்கள் மகிழ்ந்தனர்; லத்தீன் குருமார் சினந்தனர். 867ஆம் ஆண்டளவில் சகோதரர் வெனிஸ் நகரத்துக்கு வந்தபோது, ஆயர்களும் குருமாரும் துறவிகளும் கான்ஸ்டன்டைனைச் சூழ்ந்துகொண்டு, எபிரெயம், கிரேக்கம், லத்தீன் என்னும் மூன்று மொழிகளில் மாத்திரமே தேவனைத் துதிப்பது தகும் என்று வாதிட்டனர். அவர்கள் காட்டிய ஆதாரம் நம்மைத் திகைக்கச் செய்யும்: சிலுவையின்மேல் வைக்கப்பட்ட விலாசம் அம்மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருந்ததாம். அதை எழுதுவித்தவன் பிலாத்து அல்லவா! கான்ஸ்டன்டைன் இந்தக் கொள்கையினரைப் பிலாத்துவின் சீஷர் என்றே அழைத்தார். அர்மேனியரும் சிரியரும் எகிப்தியரும் ஜார்ஜியரும் தத்தம் மொழியில் தேவனைத் துதிக்கிறார்களே என்று எடுத்துக்காட்டினார். பின்பு கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் பதினான்காம் அதிகாரத்தை அவர்கள்முன் விரித்தார். புரியாத பாஷையில் ஆயிரக்கணக்கான வார்த்தைகளைப் பேசுவதைவிடப் புரியும்படி சில வார்த்தைகளைப் பேசுவதே சபைக்குப் பயன் என்று பவுல் வாதிடும் பகுதி அது. தமிழில் வேதத்தை வாசிக்கிற நாம் அந்த அதிகாரத்தை இன்று வீட்டில் ஒருமுறை முழுவதுமாய் வாசிப்பது நலம்.

அடுத்து நடந்தது எவரும் எதிர்பாராதது. ஃபோத்தியஸின் மாணவர் ரோமாபுரிக்குச் சென்றார். அவர்களை வரவழைத்தவர் ஃபோத்தியஸின் பகைவரான நிக்கோலாவே. அவர் இறந்துவிட்டபடியால் வரவேற்றவர் இரண்டாம் ஆதிரியான். இந்தப் போப்பு ஸ்லாவிய நூல்களைப் பலிபீடத்தின்மேல் வைத்து ஆசீர்வதித்தார். ரோமாபுரியின் ஆலயங்களில், பேதுருவின் பேராலயத்திலும்கூட, ஸ்லாவிய மொழியில் ஆராதனை பாடப்பட்டது. ஹம்பர்ட் பத்திரம் வைத்த பலிபீடத்தை எல்லாரும் நினைவுகூருகிறார்கள். ஆதிரியான் நூல்களை வைத்த இந்தப் பலிபீடத்தைப் பற்றிச் சொல்வோர் மிகச் சிலரே.

கான்ஸ்டன்டைன் ரோமாபுரியிலேயே நோயுற்றார். துறவு பூண்டு சிரில் என்ற பெயரை ஏற்று, 869 பிப்ரவரி 14 அன்று தமது 42ஆம் வயதில் மரித்தார். மரணப்படுக்கையில் தம் அண்ணனிடம், நாம் இருவரும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்ட எருதுகளாய் ஒரே சாலை உழுதோம், நான் பாதியில் விழுகிறேன், நீர் மடத்தின் மலையை விரும்பி இந்தப் போதக ஊழியத்தை விட்டுவிடாதேயும் என்ற பொருளில் வேண்டிக்கொண்டதாக மெத்தோடியஸின் வரலாறு சொல்கிறது. அவருடைய உடல் புனித கிளமெந்து ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அண்ணன் அந்தச் சொல்லைக் காத்தார். அதற்கு விலையும் கொடுத்தார். போப்பு அவரைப் பேராயராக அபிஷேகம் செய்து அனுப்ப, பவேரிய நாட்டு ஆயர்கள் 870இல் அவரைப் பிடித்து, தங்கள் எல்லைக்குள் அத்துமீறி நுழைந்ததாகக் குற்றம் சாட்டினர். பாசாவ் நகரத்து ஆயர் ஹெர்மன்ரிக் விசாரணைச் சங்கத்திலே குதிரைச்சவுக்கைக் கொண்டு அவரை அடிக்கப் பாய்ந்ததைப் பின்னாளில் போப்பு எட்டாம் யோவான் தம் கடிதத்தில் கண்டித்திருக்கிறார். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் ஒரு பேராயர் பிற ஆயர்களின் சிறையில் கிடந்தார். யோவானின் தலையீட்டால் 873இல் விடுதலையானார். வயதான காலத்தில் வேகமாய் எழுதவல்ல இரு குருமாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மக்கபேயர் நூல்கள் நீங்கலாகப் பழைய ஏற்பாட்டைச் சில மாதங்களில் மொழிபெயர்த்து முடித்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. 885 ஏப்ரல் 6 அன்று அவர் மரித்தபோது அடக்க ஆராதனை லத்தீன், கிரேக்கம், ஸ்லாவியம் ஆகிய மூன்று மொழிகளிலும் நடந்தது. சபை ஒன்றாயிருந்திருக்கக்கூடிய விதத்தை அந்த ஆராதனையில் ஒரு கணம் காணலாம்.

ஆனால் அது ஒரு கணம் மாத்திரமே. புதிய போப்பு ஐந்தாம் ஸ்தேவான் ஸ்லாவிய ஆராதனையைத் தடைசெய்தார். மொராவியாவின் அரசன் ஸ்வாதோப்ளுக் ஜெர்மானியக் குருமாரின் பக்கம் சாய்ந்து சீஷர்களைத் துரத்தினான். இளையோரில் சிலர் அடிமைகளாக விற்கப்பட்டு வெனிஸ் நகரத்துச் சந்தையில் நின்றனர். பேரரசரின் தூதர் ஒருவர் கண்டு அவர்களை மீட்டார். கிளமெந்து, நவும், ஆங்கெலாரியஸ் என்ற மூவர் லிண்டன் மரக்கட்டைகளைப் பிணைத்து, தானியூப் நதியைக் கடந்து பெல்கிரேட் நகரத்தை அடைந்தனர். அது அப்போது பல்கேரியரின் எல்லை நகரம்.

பல்கேரியாவின் அரசன் போரிஸ் அவர்களைப் பொக்கிஷம்போல் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 864ஆம் ஆண்டளவில் அவன் கான்ஸ்டான்டிநோபிளின் வழியாக ஞானஸ்நானம் பெற்று, பேரரசரின் பெயரான மிகாயேல் என்பதைத் தரித்துக்கொண்டான். அதை எதிர்த்துப் பிரபுக்கள் கலகம் செய்தபோது, 52 பேரை அவன் கொன்றான். அவர்களுடைய பிள்ளைகளையும் விடவில்லை. கிரேக்கக் குருமார் தன் தேசத்தைப் பேரரசின் மாகாணமாக்கிவிடுவார்கள் என்ற அச்சம் எழவே, 866இல் ரோமாபுரியின் பக்கம் திரும்பி, போப்பு நிக்கோலாவுக்கு நீண்டதொரு கேள்விப்பட்டியலை அனுப்பினான். நிக்கோலாவின் பதில் 106 பகுதிகளாக இன்றும் கிடைக்கிறது. புதிதாய் விசுவாசத்துக்கு வந்த ஒரு ஜாதியின் உள்ளத்தை அவ்வளவு அருகில் காட்டும் ஆவணம் வேறொன்றை நான் கண்டதில்லை. புதன், வெள்ளிக் கிழமைகளில் குளிக்கலாமா? கால்சட்டை அணியலாமா? போருக்குக் குதிரைவாலைக் கொடியாகச் சுமந்தோமே, இனி எதைச் சுமப்பது? கால்சட்டையைப் பற்றி எமக்குக் கவலையில்லை, உள்ளான மனிதன் மாறவேண்டும் என்ற தொனியிலும், குதிரைவாலுக்குப் பதில் சிலுவையைச் சுமக்கும்படியும் போப்பு எழுதினார். திருடனை அடித்து உதைத்து வாக்குமூலம் வாங்குவது தேவ நியமத்துக்கும் மனித நியமத்துக்கும் விரோதம் என்றார். விசுவாசிக்க மறுப்போரைப் பலாத்காரத்தால் இழுக்கக் கூடாது என்றார். பிரபுக்களின் குற்றமற்ற பிள்ளைகளைக் கொன்றது பாவமே என்று போரிஸுக்கு நேராகவே சொன்னார்.

இவ்வளவு நல்ல ஆலோசனை தந்த ரோமாபுரி, போரிஸ் விரும்பிய ஆயரை அவனுக்குப் பேராயராகத் தர மறுத்தது. 870இல் அவன் மறுபடியும் கான்ஸ்டான்டிநோபிளின் பக்கம் திரும்பினான்; அவ்விடத்துச் சங்கம் பல்கேரியாவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இரு தாய்ச்சபைகளும் ஒரு மந்தைக்காக வழக்காடின. மந்தைக்கோ தன் மொழியில் பேசும் மேய்ப்பர் இன்னும் கிடைக்கவில்லை. அந்நேரத்தில்தான் கந்தலோடும் நூல்களோடும் மெத்தோடியஸின் சீஷர் வந்து சேர்ந்தனர்.

கிளமெந்து 886இல் தென்மேற்குப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். ஒக்ரிட் ஏரியைச் சார்ந்த அந்தப் பகுதியில் அவர் 3,500 மாணாக்கரைப் பயிற்றுவித்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. பள்ளிப்பிள்ளைகளுக்குத் தாமே எழுத்தறிவித்தார். எளிய குருமாருக்குப் பண்டிகை தோறும் வாசிக்கத்தக்க எளிய பிரசங்கங்களை எழுதினார். ஜனங்களுக்கு நல்ல கனிமரங்களைக் கிரேக்க நாட்டிலிருந்து வரவழைத்து ஒட்டுப்போடவும் கற்பித்தார். 893இல் போரிஸ் கூட்டிய மாமன்றம் கிரேக்கத்துக்குப் பதிலாக ஸ்லாவியத்தைச் சபையின் மொழியாக ஏற்படுத்தியது. அதே ஆண்டில் போரிஸ் தான் புகுந்திருந்த மடத்தைவிட்டு வெளியே வந்து, பழைய தெய்வங்களுக்குத் திரும்பிய தன் மூத்த மகனின் கண்களைக் குருடாக்கிச் சிறையிட்டான் என்பதையும் நாம் மறைக்கலாகாது. சபை அவனைப் பரிசுத்தவான் என்று கொண்டாடுகிறது.

ரஷ்ய நாட்டுக்கு, அதாவது கீவ் நகரத்தைத் தலைமையாய்க் கொண்ட ரூஸ் தேசத்துக்கு, இந்த நூல்களே சென்றன. 988இல் கோமகன் விளாதிமிர் ஞானஸ்நானம் பெற்ற கதை பலருக்குத் தெரிந்ததே: பல சமயங்களை ஆராய்ந்துவரத் தூதரை அனுப்பினான், அவர்கள் ஹாகியா சோபியாவின் ஆராதனையைக் கண்டு, தாங்கள் நின்றது பரலோகமா பூலோகமா என்று அறியாமல் மயங்கித் திரும்பினர். நூறாண்டுக்கும் பிற்பட்ட ஒரு காலவரலாறு இதைச் சொல்கிறது. அழகான கதை, ஆனால் அதனருகில் வேறொன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். பேரரசர் இரண்டாம் பசில் உள்நாட்டுக் கலகத்தால் நெருக்கப்பட்டு விளாதிமிரின் படையுதவியை நாடினார். ஏறக்குறைய 6,000 வீரர்கள் சென்றனர். பதிலாகப் பேரரசரின் சகோதரி அன்னாள் மணமகளாக வந்தாள். ஞானஸ்நானம் அந்தத் திருமணத்தின் நிபந்தனை. விளாதிமிர் பெரூன் என்னும் தெய்வத்தின் சிலையைக் குதிரையின் வாலில் கட்டி இழுப்பித்து நதியில் தள்ளினான், ஜனங்கள் அழுதனர். மறுநாள் நதிக்கு வராதவன் தனக்குப் பகைவன் என்று பறைசாற்றினான். நிக்கோலா போரிஸுக்கு எழுதியதை யாரும் அவனுக்கு வாசித்துக் காட்டவில்லை போலும்.

ஆயினும், அதே காலவரலாறு அவனைப்பற்றி இன்னொன்றும் சொல்கிறது. அரண்மனைக்கு நடந்துவர இயலாத நோயாளிகளும் ஏழைகளும் உண்டென்று அறிந்து, அப்பமும் இறைச்சியும் மீனும் ஏற்றிய வண்டிகளை நகரமெங்கும் அனுப்பி, எங்கே பலவீனர் இருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுக் கொடுக்கச் செய்தான். கொள்ளைக்காரரைக் கொல்லவும் அவன் தயங்கினான். பாவத்துக்குப் பயப்படுகிறேன் என்றான். தண்டிப்பது உம் கடமை என்று அவனைத் தூண்டியவர்கள் ஆயர்கள். ஞானஸ்நானம் பெற்றவன் மலைப்பிரசங்கத்தை எழுத்தின்படி எடுத்துக்கொள்ள, மேய்ப்பர்கள் அவனை அமர்த்த வேண்டியதாயிற்று.

ரூஸ் தேசத்தார் வேகமாய்ப் பற்றிக்கொண்டதற்குக் காரணம், வேதமும் ஆராதனையும் அவர்களுக்கு விளங்கும் மொழியில் ஆயத்தமாய் இருந்ததே. மொராவியாவில் விதைத்து, ரோமாபுரியில் ஆசீர்வாதம் பெற்று, மொராவியாவிலிருந்தே துரத்தப்பட்ட விதை இங்கே கிளைத்தது. லத்தீன் வழியாய் வந்த போலந்து நாட்டாரும் ஸ்லாவியரே. அவர்கள் அரசன் மியேஸ்கோ 966இல் மேற்கத்திய முறையில் ஞானஸ்நானம் பெற்றான். ஒரே இனத்துக்குள் கிழக்கு, மேற்கு என்ற எல்லைக்கோடு அந்த நூற்றாண்டில் விழுந்தது.

இனி ஒக்ரிட் நகரத்துக்குத் திரும்புவோம். 1018இல் பேரரசர் பசில் பல்கேரியாவை முற்றிலும் அடக்கினார். பின்னர் கிளமெந்துவின் ஊரில் கிரேக்கப் பேராயர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களில் ஒருவர்தான் புளிப்பில்லாத அப்பத்தைக் கண்டித்துக் கடிதம் எழுதிய லியோ. பல ஆண்டுகளுக்குப் பின்னர் அதே ஆசனத்தில் அமர்ந்தவர் தியோஃபிலாக்ட், சுவிசேஷங்களுக்கு அவர் எழுதிய விளக்கவுரைகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. தம்மைச் சூழ்ந்த ஸ்லாவியரின் முரட்டுத்தனத்தைக் குறித்துத் தம் கடிதங்களில் ஓயாமல் முறையிட்டவர். ஆயினும் கிளமெந்துவின் வரலாற்றை நமக்குத் தந்தவரும் அவரே. லத்தீன் சபையாரின் தவறுகளைப் பற்றி எழுதும்படி கேட்டபோது, அப்பத்தின் புளிப்பு, தாடி, உபவாச நாட்கள் போன்றவற்றுக்காகச் சபையைப் பிளப்பது தகாது என்று எழுதினார். விசுவாசப்பிரமாணத்தில் சேர்த்த சொல்லொன்றே கருதத்தக்க பிழை என்பது அவர் நிலை. 1054க்குச் சில பத்தாண்டுகளுக்குப்பின், சண்டையைத் தொடங்கிய அதே ஆசனத்திலிருந்து இப்படி ஒரு குரல் எழுந்தது. அதைக் கேட்டவர் சிலரே.

சாதாரண விசுவாசிகள் பிரிவை உடனே உணரவில்லை என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. கீவ் கோமகன் யாரொஸ்லாவின் மகள் அன்னாள் 1051இல் பிரான்சு நாட்டு அரசியானாள். ஹம்பர்ட்டின் பத்திரம் அவளுடைய விசுவாசத்தை எவரும் சந்தேகிக்கச் செய்யவில்லை. புனித நிக்கோலாவின் எலும்புகளை இத்தாலியின் பாரி நகரத்து மாலுமிகள் 1087இல் ஆசியா மைனரிலிருந்து எடுத்துச் சென்றனர். கிரேக்கருக்கு அது திருட்டு. ரஷ்யச் சபையோ லத்தீன் சபையாரோடு சேர்ந்து அதை மே 9ஆம் நாள் பண்டிகையாக இன்றுவரை ஆசரிக்கிறது. செக் நாட்டின் சாஸவா மடத்தில் ரோமாபுரிக்குக் கீழ்ப்பட்டிருந்தபடியே துறவிகள் பதினோராம் நூற்றாண்டின் இறுதிவரை ஸ்லாவியத்தில் ஆராதித்தனர். குரோவாசியக் கடற்கரையில் செங் நகரத்து ஆயருக்கு 1248இல் போப்பு நான்காம் இன்னொசெந்து அதே உரிமையை எழுத்தில் அளித்தார்.

பிரிவை ஆறாத காயமாக்கியது 1204. புனிதப் பயணம் என்று புறப்பட்ட மேற்கத்தியச் சிலுவைப்படை ஏப்ரல் மாதத்தில் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்து மூன்று நாள் கொள்ளையிட்டது. ஹாகியா சோபியாவின் பலிபீடமும் தப்பவில்லை. வெனிஸ் நகரத்தார் ஒருவர் அங்கே பேட்ரியார்க்காக உட்கார்த்தப்பட்டார். அதன்பின் கிழக்கத்தியருக்கு லத்தீன் என்ற சொல் ஒரு மொழியின் பெயராக மாத்திரம் இருக்கவில்லை. 1054இன் சாபங்களைப் போப்பு ஆறாம் பவுலும் பேட்ரியார்க் அதெனகோராஸும் 1965 டிசம்பர் 7 அன்று நினைவிலிருந்து நீக்கினார்கள். ஆனால் ஐக்கியம் திரும்பவில்லை.

ஸ்லாவியத்தின் கதையில் இன்னும் ஒரு பகுதி இருக்கிறது. நூற்றாண்டுகள் செல்லச்செல்லப் பேச்சுமொழி மாறிற்று. சபையின் மொழியோ மாறவில்லை. ஒருகாலத்தில் உழவனுக்கும் விளங்கியது பின்னர் கற்றவருக்கே முழுதும் விளங்குவதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்ய வேதாகமச் சங்கம் புதிய ஏற்பாட்டை வழக்கிலுள்ள ரஷ்ய மொழியில் வெளியிட்டபோது, பரிசுத்தமான பழைய மொழி இருக்க, வீதியின் மொழி எதற்கு என்று சபைக்குள்ளேயே பலத்த எதிர்ப்பு எழுந்தது. வெனிஸில் சிரிலைச் சூழ்ந்துகொண்டவர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். இப்போது கேட்டவர்கள் சிரிலின் பிள்ளைகள். 1826இல் அச்சங்கம் மூடப்பட்டது. முழு வேதாகமமும் ரஷ்ய மொழியில், சபையின் ஆளுகை மன்றமான சினோதின் அங்கீகாரத்தோடு, ஒரே நூலாய் வெளிவந்தது 1876இல்.